மார்பில் ஓர் அங்குலம்

யுத்தம் முடிந்த வருஷம் என் மார்பின் சுற்றளவு இருபத்தொன்பதரை அங்குலம். சர்க்கார் எதிர்பார்த்தது முப்பதரை.

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் பைகுல்லாவில் ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த பார்சி டாக்டர். யுத்த காலத்தில் அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்ட தாற்காலிகக் குமாஸ்தாக்களில் சிலரை நிரந்தரமாக்குவது, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று எங்கள் ஆபீஸில் முடிவு செய்திருந்தார்கள். டைப் பரீட்சையில் நான் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது உடம்புப் பரீட்சை. டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டேப்பைச் சுற்றினார். பிறகு கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார். இருபத்தொன்பதரைதான். குமாஸ்தா எங்கேயும் மார்பால் டைப் அடிப்பதில்லை என்று எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் "தற்சமயம் தகுதியில்லை. மூன்று மாதம் கழித்து வரவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நன்றாகச் சாப்பிடு, கொஞ்சம் தேகப்பயிற்சி செய்" என்றார் இங்கிலீஷில். இந்த வாக்கியத்தின் முதல் பாதியையும் 'கொஞ்சம்' என்கிற வார்த்தையையும் நான் படி இறங்குவதற்குள் மறந்துவிட்டேன்.

மாதுங்காவில் இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் குடித்தனம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் சிப்பாய்கள் திரும்பி வருகிற காலம். பாலக்காடு வரை ஒரு கர்ப்பிணியை உட்கார்த்திக்கொண்டு போக ரயிலில் இடம் கிடையாது. ஆகவே குழந்தை பம்பாயில்தான் பிறக்கப் போகிறது, பிறக்கும்போது அதன் தகப்பனாருக்கு உத்தியோகம் இருக்குமா என்பது ஓர் அங்குலத்தில் தொங்குகிறது. வேலை போனால் மாமனார் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுதான் பயமே.

பரீட்சையில் தவறினால் எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, டியூஷன். ஒரு டியூஷனில் ஏறாவிட்டால் இரண்டு டியூஷன். மெட்ரிகுலேஷனில் எனக்குக் கணக்கு வராதபோது காலையில் ஒரு வாத்தியாரிடமும் சாயங்காலம் இன்னொரு வாத்தியாரிடமும் போனேன். ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்லவில்லை. தேறினேன். கணக்குக்குப் பலித்த முறை மார்புக்கு ஏன் பலிக்காது? இரண்டு இடத்தில் சேர்ந்துவிட்டேன்.

காலையில் போனது கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், ஒரு வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் நடந்த தேகப்பயிற்சிசாலை. அதை நடத்தியவர் ஒரு பாங்கிக் குமாஸ்தா. சீமையிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தவர். சுவரில் தசைகளின் படம், ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர். இரும்பு டம்பெல், மார்புக்கு முன்னால் இழுக்கிற ஸ்பிரிங். "சயண்டிபிக்" என்று சொல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. அங்கே வந்தவர்கள் எல்லாரும் நம்மைப் போலக் குமாஸ்தாக்கள். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு டம்பெல்லைத் தேடித் தடவுவார்கள்.

சாயங்காலம் போனது தாராவி. ரயில் பாலத்தைத் தாண்டி, தோல் பதனிடும் கிடங்குகளின் வாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தால், திருநெல்வேலிக்காரர்கள் நடத்திய தாலீம் என்கிற கசரத்துக்கூடம் வரும். நடுவில் குழைத்த செம்மண் பள்ளம், ஓரத்தில் கர்லாக்கட்டைகள். வாத்தியாராக இருந்தவர் பகலில் தோல் கிடங்கில் மேஸ்திரி. அங்கே லத்தீன் கிடையாது. தண்டால், பஸ்கி, கட்டை, அவ்வளவுதான்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "வாரும் சாமி. என்ன வே, காத்து பலமா அடிச்சா ஒதுங்கி நில்லும். உம்மைத் தேடி நாங்க மாஹிம் வரைக்கும் போவணும்."

அவருடைய ஆட்கள் வாரத்தில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்தான் கட்டையைத் தொட்டார்கள். மற்ற நாட்களில் வருவார்கள், பள்ளத்தின் ஓரத்தில் உட்காருவார்கள், பீடி குடிப்பார்கள், என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். பாவம், ஒழுங்கு போதாது என்று எண்ணிக்கொண்டேன். நானோ ஒரு நாள் தவறியது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை என்பதால் இரண்டு இடத்திலும் கூடுதலாகச் செய்தேன்.

முதல் இரண்டு வாரம் உடம்பெல்லாம் வலித்தது. வலி என்றால் வளர்கிறது என்று அர்த்தம் என்றார் சயண்டிபிக் மாஸ்டர். மூன்றாவது வாரம் வலி போகவில்லை. நான்காவது வாரம் ராத்திரித் தூக்கம் போயிற்று. ஆனால் ரயிலில் மட்டும் பிரமாதமாகத் தூக்கம் வந்தது. ஒரு நாள் போரிபந்தரில் ஏறிக் கண்ணை மூடினேன். திறந்தபோது வயலும் எருமையுமாக ஏதோ ஊர். பலகையில் டோம்பிவிலி என்று எழுதியிருந்தது. அந்த நாளில் மாதுங்காக்காரன் டோம்பிவிலிக்குப் போனான் என்றால் ஒன்று நிலம் வாங்கப் போனான், இல்லாவிட்டால் சந்நியாசம் வாங்கப் போனான். திரும்பி வருகிற வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். தாலீமுக்கு மட்டம் போட்டுவிட்டோமே என்கிற குற்ற உணர்ச்சியில் மறுநாள் நாற்பது தண்டால் அதிகம் எடுத்தேன்.

ஐந்தாவது வாரம் டைப்ரைட்டரில் விரல் நடுங்கியது. "கனம் பொருந்திய ஐயா" என்று தொடங்க வேண்டிய இங்கிலீஷ்க் கடிதம் ஒன்று எழுத்துப் பிசகி ஐயாவை வேறு எதுவோ ஆக்கிவிட்டது. நல்லவேளை, தலைமைக் குமாஸ்தா அதைப் படித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். பசியும் போயிற்று. ரேஷன் அரிசியைப் பார்த்தால் யாருக்குமே பசி போகும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு பன்னிரண்டு தடவை தூக்கிய டம்பெல்லை எட்டுத் தடவைக்கு மேல் தூக்க முடியவில்லை. மாஸ்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க மஸிலுக்குப் பழகிப்போயிடுத்து. அதுதான் அசட்டையா இருக்கு. சயண்டிபிக்கா இன்னும் மூணு செட் கூட்டிக்கோங்கோ."

கூட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மனைவி என் மார்பை அளப்பது வழக்கமாகியிருந்தது. குழந்தைக்குச் சட்டை தைப்பதற்காகப் பக்கத்து அறை மாமியிடம் டேப் வாங்கி வைத்திருந்தாள். மாமிக்கு ஐம்பது வயது. அந்த மாடியில் எல்லாருடைய பிரசவத்துக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பவள். ஏழாவது வெள்ளிக்கிழமை மனைவி அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"மூச்சை இழுத்துண்டிருக்கேளா?"

"ஆமாம்."

"இழுத்துண்டா இது?"

"எவ்வளவு?"

"இருபத்தொம்பது."

பார்சி டாக்டர் அளந்ததைவிட அரை அங்குலம் குறைவு. ஏழு வாரம், இரண்டு பயிற்சிசாலை, ஆயிரக்கணக்கான தண்டால். அதன் பலனாக அரை அங்குலத்தைக் கழித்திருந்தேன். இதே வேகத்தில் போனால் பரீட்சையன்று டாக்டர் என்னைக் கோட்டு ஸ்டாண்டு என்று நினைத்துத் தொப்பியை மாட்டிவிடுவார்.

அவள் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். கையிலிருந்த டேப்பைச் சுருட்டினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கப்படாது. நான் ஒரு வேலையும் பண்றதில்லை. மாமி பண்ண விடறதில்லை. குடத்தைத் தூக்காதே, சாப்பிட்டதும் படுத்துக்கோ, நன்னா தூங்கு, கவலைப்படாதேங்கறா. மாசம் மாசம் எனக்கு எடை ஏறறது. நீங்க காலம்பரயும் சாயங்காலமும் இரும்பைத் தூக்கறேள். இறங்கறது. அப்போ தப்பு எங்கே இருக்கு?"

"நீ கர்ப்பிணி. அது வேறே."

"வளரணும்கறது ஒண்ணுதானே? எனக்குக் குழந்தை வளரணும், உங்களுக்கு மார் வளரணும்."

"பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கறச்சே எவனாவது படுத்துண்டு தூங்குவானா?"

"நீங்க மெட்ரிகுலேஷனா எழுதப் போறேள்? மனப்பாடம் பண்ணினா மார் வருமா?"

தாராவிக்குக் கிளம்பினேன். அன்றும் தண்டால் எடுக்கத்தான் போனேன். பன்னிரண்டாவது தண்டாலில் கை மடங்கியது, மடங்கினது நிமிரவில்லை. மூக்கு செம்மண்ணில் புதைந்தபடி கிடந்தேன். எழுந்திருக்க அவசரம் ஒன்றும் தோன்றவில்லை. வாத்தியார் வந்து என்னைப் புரட்டிப் போட்டார்.

"என்ன சாமி, சாப்பிட்டீரா இல்லியா?"

"சாப்பிட்டேன்."

"ராத்திரி ஒறங்குனீரா?"

"இல்லை."

"காலையில என்ன செஞ்சீரு?"

களைப்பில் உண்மை வந்துவிட்டது. மாதுங்காவில் ஒன்றே கால் மணி நேரம் டம்பெல், ஸ்பிரிங், புதிதாக மூன்று செட். ஏழு வாரமாக. தினமும். ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அவர்களில் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும். அவன் கைக்குள் என் தொடை அடங்கும்.

"அண்ணாச்சி, சாமிக்கு ரெண்டு வீட்டுக்காரன் நெலமைல்லா! காலையில ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. ஒடம்பு எப்படித் தாங்கும்?"

"மூத்தவளுக்குத் தெரியுமாவே இளையவ இருக்கது?" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த மூட்டைக்காரன் என் பக்கத்தில் குந்தினான். "சாமி, நாங்க லோடு எறக்குன அன்னைக்குக் கட்டையைத் தொட மாட்டோம். சும்மா உக்காந்திருப்போம். நீரு பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். சோம்பேறிகள் என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறேன். அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் மண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாத்தியார் பேச்சை நீட்டவில்லை. "பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதேயும். ஆராம் பண்ணும். பெறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரும். அந்தச் சீமைக் கடையை மூடிரும்."

சீமைக் கடையை மூடுவதுதான் கஷ்டம். மாஸ்டரிடம் நேரில் போய் நிற்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் மூன்று செட் கொடுத்துவிடுவார். அதனால் சொல்லாமலே நின்றுவிட்டேன். அடுத்த ஆறு வாரம் கிங்ஸ் சர்க்கிளில் அவர் வாழைக்காய் பொறுக்கினால் நான் எதிர்ப்புறத்து வெற்றிலைக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

வீட்டில் மனைவி மாமியிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்பி, அவளுக்குச் சொல்றதெல்லாம் இனிமே உனக்கும்தான். குடம் தூக்கப்படாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கணும். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண்ணை மூடணும். பசிக்கிறதுக்கு முந்தி சாப்பிடணும். மனசிலே கவலை வெச்சுக்கப்படாது."

"மசக்கைக்கு மாங்காய் உண்டா மாமி?"

"அதிகப் பிரசங்கித்தனமும் பண்ணப்படாது."

அன்று முதல் அந்த மாடியில் இரண்டு கர்ப்பிணிகள். உளுந்தங்கஞ்சி இரண்டு டம்ளராக வந்தது. அவளுக்குச் சலுகையில் கிடைத்த பாலில் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததால், மாமி எனக்கு வேர்க்கடலையை ஊறவைத்துக் காலையில் ஒரு கிண்ணம் கொடுத்தாள். ரேஷனுக்கு அகப்படாத பண்டம் அது ஒன்றுதான். நான் தூங்கும்போது யாராவது கதவைத் தட்டினால் வராந்தாவிலிருந்து மாமியின் குரல் கேட்கும்: "மெள்ள! உள்ளே படுத்துண்டிருக்கான்." அதைக் கேட்ட ஆபீஸ் நண்பர் ஒருவர், பிள்ளை அதற்குள் பிறந்துவிட்டதா, குறைப்பிரசவமா என்று கலங்கிப்போய்த் திரும்பினார்.

சும்மா இருப்பது எவ்வளவு சிரமம் என்பது அந்தப் பத்து நாளில்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் பயம் வந்துவிட்டது. இருந்த இருபத்தொன்பதும் கரைந்து போய்க்கொண்டிருப்பதாக ஒரு பிரமை. பொதுக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஈரத் தரையில் திருட்டுத் தண்டால் எடுத்தேன். வாய்விட்டு எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. வெளியே வாளியுடன் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

"இருபத்திரண்டு… இருபத்திமூணு…"

"யாருப்பா உள்ளே? ஜலத்தை எண்ணி எண்ணியா விட்டுக்கறான்?" என்றார் மூன்றாவது அறை மாமா.

"இருபத்திமூணு சொம்பா! குழாயிலே வர்றது மொத்தமே ஒரு மணி நேரம்!"

கதவு இடிபட்டது. நான் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், ஆனால் வியர்த்து ஒழுகிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் புரியாமல் பார்த்தார்கள். மாமி ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. அன்று கடலை நிறுத்தப்பட்டது. மறுநாள் வாக்குறுதியின் பேரில் திரும்பக் கிடைத்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. இரவில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பசித்தது. சும்மா ஒரு மரியாதைக்குப் பசிக்கவில்லை. பக்கத்து அறையில் தாளிக்கிற சத்தம் கேட்டதும் கோபம் வருகிற அளவுக்குப் பசித்தது. ஆபீஸில் அன்று கனம் பொருந்திய ஐயா கனம் பொருந்திய ஐயாவாகவே இருந்தார்.

பதினோராம் நாள் தாராவிக்குப் போனேன். பழைய கர்லாக்கட்டையை எடுத்துச் சுற்றினேன். யாரோ அதற்குள்ளிருந்த மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டது போல இருந்தது. இன்னொரு ஐம்பது சுற்றலாம் என்று மனசு துள்ளியது. மூட்டைக்காரன் கட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"போதும். நாளான்னைக்கு வாரும். நாளைக்கு வந்தா உக்காந்து பேசிட்டுப் போவணும், கட்டை கெடையாது."

மறுநாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். பீடி கொடுத்தார்கள், மறுத்துவிட்டேன். என்னைப் பற்றியே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். விஷயம் என்னவோ அதே நான்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை இருபத்தொன்பதே முக்கால். அடுத்த வெள்ளி முப்பது. இடையில் வளைகாப்பு வந்தது. புளியஞ்சாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சஞ்சாதம் எல்லாம் ரேஷன் அரிசியில்தான். மாடி முழுவதும் தலைக்குப் பிடி அரிசி கொடுத்துச் சேர்ந்தது. வளையல் போட்டுக்கொண்டது அவள். மற்றதெல்லாம் நான் கவனித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வெள்ளி முப்பதே கால். பிறகு ஒரு வாரம் அங்கேயே நின்றது. மாதுங்காக் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது கால் தானாகத் திரும்பியது. உள்ளே டம்பெல் மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் நின்றேன். நாலு நாளில் ஒரு தள்ளு தள்ளிவிடலாமே என்று தோன்றியது. பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல் என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். யாரும் கேட்டதில்லை.

பரீட்சைக்கு முந்தின மூன்று நாள் வாத்தியார் கட்டையைத் தொடவே கூடாதென்றார். தொடவில்லை. பரீட்சையன்று, மனைவி கவலைப்படக் கூடாதென்று, டாக்டர் பார்ப்பது மூன்று மணிக்கு, அதுவரை ஆபீஸ் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே பைகுல்லாவுக்குப் போனேன். அதே பார்சி டாக்டர். சட்டையைக் கழற்றினேன். டேப் சுற்றினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"மூச்சை இழு… விடு… மறுபடி இழு."

இழுத்தேன். கம்பவுண்டரிடம் ஏதோ எண் சொன்னார். காது அடைத்திருந்ததால் எனக்கு விழவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் இழுத்த மூச்சோடு நின்றுகொண்டே இருந்தேன்.

"விட்டுவிடலாம் பாபா" என்றார் தலை நிமிராமல். "என்ன செய்தாய்?"

"தூங்கினேன் டாக்டர்."

அப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அதில் முப்பதரை என்று எழுதியிருந்தது; அதற்குப் பக்கத்தில் ஒரு கீற்று அதிகம் என்கிற பாவனையில் ஒரு சின்னக் கூட்டல் குறி. கீழே கையெழுத்து.

ஆபீஸில் அன்று முழு நாள் லீவு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. வராந்தாவில் மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலை உதட்டில் வைத்து உள்ளே காட்டினாள். மனைவி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த மாடியில் அந்த நேரத்தில் தூங்குகிறவர்களை எதற்காகவும் எழுப்பக் கூடாது. ராஜாவே பட்டம் விட்டு இறங்கினாலும் நாலு மணிக்குத்தான் சொல்ல வேண்டும். தரையில் பாயை விரித்து, காகிதத்தை மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். காத்திருக்கலாம் என்றுதான் படுத்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"ஏன்னா! ஏன்னா! மணி நாலரை! இன்னிக்குன்னா டாக்டர் வரச் சொன்னது! தூங்கிண்டே இருந்துட்டேளே!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தானே தூங்குங்கோ தூங்குங்கோன்னு படுத்தி வெச்சேன்…"

தலையணைக்குக் கீழே கையை விட்டுக் காகிதத்தை நீட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, கடைசிக் கையெழுத்து வரைக்கும் படித்தாள். பிறகு மறுபடி மேலேயிருந்து படித்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெள்ளக் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"இருங்கோ, இருங்கோ" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கோங்கோ. நான் போய் மாமிகிட்டே சொல்லிட்டு வரேன்."

மாமிக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.